கடல் வலக்கைப் பக்கம்

சந்து முனைக்கு வந்ததும் கால் தன்பாட்டுக்குத் தெற்கே திரும்பப் பார்த்தது. சந்தியாகு மோத்தா அதை அதட்டி வடக்கே திருப்பினார். பதின்மூன்று வருசப் பழக்கம், கால் என்ன செய்யும், பாவம். சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து விடிந்ததும் வீட்டை விட்டு இறங்குவது, தெற்கே திரும்புவது, கடலை இடக்கைப் பக்கம் போட்டுக்கொண்டு பீச் ரோட்டோடே மாதா கோவில் முனை, மீன்பிடித் துறைமுகம், பிறகு உள்ரோட்டில் ஏறி ஐஸ் கம்பெனி, உப்புக் கிட்டங்கி, பழைய துறைமுகத்து வாசல், திரும்பவும் பீச் ரோடு, வீடு. முக்கால் மணி நேரம். தூத்துக்குடியில் எவனைக் கேட்டாலும் சொல்லுவான், மோத்தா தண்டல் கோவில் முனையில் தெரிந்தால் மணி ஆறு பத்து என்று. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். கடல் வலக்கைப் பக்கம். வெயில் வலக் கன்னத்தில் ஏறுகிறது. இடக் கன்னம்தான் பழகின கன்னம், இது கூசுகிறது. கூசட்டும். இன்றைக்கு ஒருநாள் கூசினால் செத்தா போய்விடும்? ஏழு மணிக்குக் கார். பெண்டாட்டி பிலோமி நேற்றுச் சாப்பாடு போடும்போதே சொல்லிவிட்டாள், "கஸ்பார் அண்ணன் வீட்டுச் சாமான் எல்லாம் லாரில ஏத்தியாச்சு. மக வீட்டுக்குக் கோயம்புத்தூருக்கே போறாரு, ஒரேயடியா. காலைல ஏழு மணிக்குக் கார். நீங்க போய் ஒரு வார்த்த பேசிட்டு வாங்க. இத விட்டா இனி கிடையாது, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டாளாம். இவளுக்குச் சொல்ல எவ்வளவு லேசு. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவதா? மாப்பிள்ளை இருப்பான், மகள் இருப்பாள், காலி வீட்டுக்குள் எல்லாரும் நின்று வாயைப் பார்ப்பார்கள். அதெல்லாம் ஆகாது. நடக்கிற மனுசனை நடக்கிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். கஸ்பார் கொரேரா ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கும் நடக்காமல் இருக்கிற ஆள் இல்லை. அவரும் சர்க்கரைதான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள், கடல் இடக்கைப் பக்கம். நாலு சந்து தெற்கே கஸ்பார் வீடு. இவர் போய் முனையில் ஒரு செருமல் செருமினால் போதும், அவர் வந்து சேர்ந்துகொள்வார். பதினோரு வருசம் அப்படி. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசம் ஒரே சரக்குத் தோணியில், இவர் தோணியை நடத்துகிற தண்டல், அவர் கீழே என்ஜினைப் பார்க்கிற டிரைவர். அப்படிப்பட்ட மனுசன் ஒருநாள் காலை முனையில் செருமினால் வரவில்லை. மறுநாள் பார்த்தால் எதிரே வருகிறார். வடக்கே பார்த்து, கடல் வலக்கைப் பக்கம், தனியாக! ஒரே சுற்று, இவர் இப்படி, அவர் அப்படி. அதனால் தினம் இரண்டு தடவை நேருக்கு நேர் வந்து தொலைக்க வேண்டும், இங்கே ஒரு தடவை, உள்ரோட்டில் ஒரு தடவை. கடல் வழக்கம் வேறு இரண்டு பேர் ரத்தத்திலும் ஊறிக் கிடக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு தோணி வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இடத்தோள் இடத்தோளைப் பார்த்துத் தாண்ட வேண்டும். அப்படித்தான் தாண்டினார்கள், இரண்டு வருசமாக, ஒரு நாள் பிசகாமல். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்கு வலப்பக்கம் முழுக்கடல் இருந்தது. கப்பல் பார்க்கலாம், காக்காய் பார்க்கலாம். இவருக்கு வலப்பக்கம் மதில். சிமெண்டு பெயர்ந்த மதிலையும் அதில் ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் பார்த்துக்கொண்டே எழுநூறு நாள் தாண்டியிருக்கிறார். சவம், அதிலும் அந்த ஆளுக்குத்தான் நல்லது வாய்த்தது.

அதனால்தான் இந்த யோசனை. எதிரே வந்தால் பேச முடியாது. எதிரே வருகிறவனிடம் பேச நிற்க வேண்டும், நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். கூட நடந்தால் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆகவே அவர் போகிற திசையில் போவது. மெதுவாகப் போவது. கஸ்பாருக்கு நடை வேகம், பின்னால் வந்து சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்ததும், கஸ்பாரு, அன்னைக்கி டீக்கடையில நான் சொன்னது. அதற்குப் பிறகு? நான் சொன்னது தப்பு. தப்பு என்றால் எப்படித் தப்பு? வாய் தவறிச் சொன்னதும் தப்புத்தான், வேண்டுமென்று சொன்னதும் தப்புத்தான். நான் சொன்னது பொய். இந்த இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நேற்று முழுக்க ஒட்டிக்கொண்டது. "என்ன தண்டல் அண்ணாச்சி, தெசை மாறிட்டு? காம்பஸ் கெட்டுப்போச்சா?" ரெஜினா, இடியாப்பச் சட்டியை இறக்கிக்கொண்டே சிரிக்கிறாள். முனைக்கு முனை ஒரு வாய் இந்த ஊரில். "சும்மாதான்" என்றார். கஸ்பார் போனாரா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரியும், தண்டல் கொரேராவைத் தேடி அலைந்தாரென்று. அலையட்டுமே, அதிலென்ன? இல்லை, கேட்கவில்லை, தாண்டியாகிவிட்டது, தாண்டின பிறகு திரும்பி வந்து கேட்டால் இன்னும் கேவலம். காதை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தார். சடக் சடக்கென்று ஒரு செருப்புச் சத்தம் வந்தது. அவர் செருப்பா? கஸ்பார் வலக்காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார், சத்தம் ஒன்று விட்டு ஒன்று கனமாக விழும். இது ஒரே சீராக வருகிறது. காதில் வயரைச் செருகின ஒரு பெண் தாண்டிப் போனாள். சே.

திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் காத்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். காத்திருக்கத்தானே செய்கிறேன்? ஆமாம், ஆனால் தெரியக்கூடாது. இந்தப் பக்கமாக வந்தால் ஊரே வேறே மாதிரி இருக்கிறது. பதின்மூன்று வருசம் நடந்த ரோட்டில் இத்தனை போர்டுக்கு முதுகுப்பக்கம் ஒன்று இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது, எல்லாம் துருவும் ஆணியும். இரண்டு வருசமாகக் கஸ்பார் பார்த்தது இந்த ஊரைத்தான். இந்த ரோட்டில் எதிரே ஒரு தொந்திக்காரக் கிழவன் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தபடி வருவதையும் பார்த்திருப்பார். அவர் ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? அதுதான் கொல்கிறது. "ஏலே சந்தியாகு, பொய் சொல்லாதல" என்று அங்கேயே, அந்த டீக்கடையிலேயே நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் இவரும் சிரித்து மழுப்பி, மறுநாள் முனையில் செருமியிருப்பார். சொல்ல வேண்டியவன் சொல்லாமல் போனால் மற்றவன் என்ன செய்வான்? அவன் பங்குக்கும் சேர்த்து இவனே தனக்குள் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு யார் ஆரம்பித்தது? கஸ்பாரின் மாப்பிள்ளைதான். மாதா கோவில் திருவிழாவுக்கு வந்திருந்தான், காலேஜ் வாத்தியார், நல்ல பையன், குற்றம் சொல்வதற்கில்லை. "மாமா, நீங்க சூறையில மாட்டுன கதையச் சொல்லுங்க" என்றான். கஸ்பார் என்ன சொன்னார்? "தண்டல் சொல்லுவாரு கேளுங்க, அவரு சொன்னாத்தான் கதை." தானே தூக்கி இவர் கையில் கொடுத்தார்! இவரும் சொன்னார். எத்தனை தடவை சொன்ன கதை. வெங்காயமும் ஓடும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகும்போது மினிக்காய்த் தீவு தாண்டிப் பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, கூட இருந்தவன் முகம் தெரியாத மழை, பாய்மரக்கட்டை முறிந்து விழுந்தது, மற்ற நாலு பேரும் முன்னால் தண்ணீர் இறைக்கிறார்கள், இவர் தனியாகச் சுக்கானைக் கயிறு போட்டுக் கட்டி, தோணியின் முன்முனையை, அணியத்தை, காற்றுக்கு நேரே மூன்று மணி நேரம் பிடித்து நிறுத்தினார். டீக்கடையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அந்த அமைதிதான் கெடுத்தது. கேட்கிறவன் வாய் பிளந்தால் சொல்கிறவனுக்குக் கை நிற்காது, இன்னும் ஒரு பிடி உப்பைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். "உங்க மாமா என்ன செஞ்சாருங்கிய? என்ஜின் ரூமுக்குள்ள ஓன்னு அழுதாரு. மேல எனக்குக் கேட்டுச்சு!" எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். கஸ்பார் பாதி டீயோடு கிளாசை வைத்தார். "வாங்க மாப்பிள்ள." அவ்வளவுதான், முடிந்தது.

பழைய துறைமுகத்து வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை மடித்துக்கொண்டிருந்தான். இவன் வெளியூர்க்காரன், இவனிடம் கேட்டால் பாதகமில்லை. "கொரேரா போயாச்சா?" "இன்னைக்கிக் காணலயே சார். ஊருக்குப் போறாராம்லா?" மணி ஆறு இருபத்தைந்து. இவ்வளவு மெதுவாக வந்தும் பின்னால் ஆள் இல்லை. நடக்கவே வரவில்லையா? காரை ஆறு மணிக்கே வரச் சொல்லிவிட்டானா அந்த வாத்தியார்? வெயிலுக்கு முன்னால் மதுரையைத் தாண்டிவிடலாம் என்று சொல்லியிருப்பான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். அல்லது இவர் வடக்கே திரும்பியதைச் சந்து முனையிலிருந்து பார்த்துவிட்டு, இவன் மூஞ்சியில் கடைசி நாளும் முழிக்க வேண்டாம் என்று வீட்டுக்குள் போய்விட்டாரோ. செய்வார், அழுத்தக்கார மனுசன். திரும்பி வந்த வழியே ஓடலாமா? முட்டி ஓட விடாது. வந்த வழியே போனாலும் அரை மணி, இப்படியே சுற்றிப் போனாலும் அரை மணி. நட்ட நடுவில் வந்து மாட்டிக்கொண்டாயிற்று. இதுதான் தண்டலின் புத்தி! ஒழுங்காக அவர் சந்து முனையிலேயே போய் நின்றிருக்கலாம். கௌரவம் பார்த்தான் மோத்தா. தவளை தன் வாயால் கெட்டதாம், மோத்தா வாயாலும் கெட்டான், காலாலும் கெட்டான். உள்ரோட்டில் இறங்கினார். கடல் மறைந்துவிட்டது. உப்புக் கிட்டங்கியின் வெள்ளைச் சுவர் வெயிலை முகத்தில் அடித்தது, கண்ணை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார், மூச்சு வாங்கியது.

பேச வேண்டியது வேறே என்ன இருக்கிறது, பெரிய ரகசியமா? ஆமாம், ரகசியம்தான். கயிறு போட்டுச் சுக்கானைக் கட்டியது இவர் இல்லை. முப்பத்தோரு வருசமாகச் சொல்லிச் சொல்லி, அந்தக் கயிற்றின் முரடு தன் உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது, ராத்திரி தடவிப் பார்த்தால் இருக்கிறது. ஆனால் இல்லை. மரம் முறிந்து விழுந்தபோது இவர் சுக்கானை விட்டுவிட்டார். விட்டுவிட்டு, கேபினுக்குப் பின்னால் தண்ணீர் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு, மாதாவையும் கூப்பிடவில்லை, அம்மா அம்மா என்று, மூக்கு ஒழுக, முப்பத்தைந்து வயசு ஆம்பிளை. தோணி பக்கவாட்டில் திரும்பியது. கீழே இருந்து கஸ்பார் ஏறி வந்தார், முழங்கால் வரை எண்ணெய்த் தண்ணீர். இவரைப் பார்த்தார். நன்றாக, நேரே பார்த்தார். சுக்கானைப் பிடித்துத் திருப்பி, கயிறு எடுத்துக் கட்டி, இவர் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கயிற்றின் மேல் வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார். என்ஜின் ஒருதரம்கூட நிற்கவில்லை. கரைக்கு வந்ததும் மற்ற நாலு பேர்தான் தண்டல் காப்பாற்றினார் என்று ஆரம்பித்தார்கள். கஸ்பார் பக்கத்தில் நின்று பீடி குடித்தார். மறுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே. மாதாவே, அந்த மனுசனைப் போய் அழுதார் என்று சொன்னேனே! அதுவும் அவர் மாப்பிள்ளை முன்னால்! அழுகையைக்கூட என்னிடமிருந்து எடுத்து அவர் தலையில் வைத்தேனே! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா? இவ்வளவு வாயாடுகிற மனுசனுக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எழுநூறு நாள் போதவில்லை, நாளுக்கு இரண்டு தடவை வைத்தால் ஆயிரத்து நானூறு தடவை அந்த முகம் இடத்தோளைத் தாண்டிப் போயிருக்கிறது. இன்றைக்குச் சொல்லலாம் என்று கிளம்பினால் ஆளே இல்லை. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு.

ஐஸ் கம்பெனி வாசலில் லாரி நின்றது, அடியில் ஐஸ் தண்ணீர் ரோட்டோடு ஓடியது. அதைத் தாண்டக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். எதிரே கஸ்பார் வருகிறார். பயணத்துக்கு உடுத்தின வெள்ளைச் சட்டை, பேன்ட், புது ஷூ. எதிரே! முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏன் இந்த ஆள் இன்றைக்கும் எதிரேயே வருகிறான், அவன் வழியில் நான் போனால் என் எதிரே எப்படி வருவான், இதென்ன கண்கட்டு? பிறகு மண்டைக்குள் மெதுவாக ஏறியது. அவர் தெற்கே திரும்பியிருக்கிறார். கடலை இடக்கைப் பக்கம் போட்டுக்கொண்டு, பழைய வழியில். இவர் வழியில். இவர் பின்னால் வந்து சேருவார் என்று மெதுவாக நடந்து, அவரும் காதை முதுகில் வைத்துக்கொண்டு. சந்தியாகு கூப்பிட வாயெடுத்தார். கால் பொறுக்கவில்லை, அந்தச் சனியன் தன் வேலையைச் செய்தது, வலப்பக்கம் ஒதுங்கியது. அங்கேயும் வலப்பக்கம் ஒதுங்கியது. இடத்தோள் இடத்தோளைத் தாண்டிவிட்டது. ஒரு எட்டு. இரண்டு எட்டு.

"ஓய்!"

திரும்பினார். கஸ்பாரும் திரும்பியிருந்தார், முகம் சிவந்து கிடந்தது. "ஒருநாளாவது உம்ம வழியில ஒழுங்கா வரக்கூடாதாவே? கோவில் முனையில ஷூ கயித்த அவுக்கதும் கட்டுததுமா எவ்வளவு நேரம் நிக்கது? பாக்கவன் என்ன நெனைப்பான்?"

"நான் உம்ம வழியில வந்தேன்வே."

"யாரு வரச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். லாரிக்காரன் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தான். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு. "கஸ்பாரு, அன்னைக்கி டீக்கடையில" என்று ஆரம்பித்தார், வழக்கமான இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பிடுங்கினார். "தோணியில அழுதது நான். நீரு பாத்தீரு. பாத்துட்டு இன்னைய வரைக்கும் வாயத் தொறக்கல. நான்தான்..."

"தொறப்பனா? எம் பொண்டாட்டி சாகுத வரைக்கும் அவட்டக்கூடச் சொல்லல." கஸ்பார் கிட்டே வந்தார், குரல் இறங்கிவிட்டது. "நீரு ஏன்வே சொன்னீரு? அந்தப் பய முன்னால, சிரிக்கச் சிரிக்க. நான் அழுதத ஏன்வே சொன்னீரு?"

சந்தியாகு அவர் முகத்தையே பார்த்தார். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "நீரு அழுதீரா?"

கஸ்பார் ஒரு எட்டு பின்னால் வைத்தார். "மேல கேட்டுச்சுன்னீரே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலவே! நான் கெடந்த கெடையில எனக்கு என்ன கேக்கும்? ருசிக்குச் சொன்னேன். பொய் சொன்னேன்!"

"பொய்யா?"

"ஆமாங்கேன்!"

கஸ்பார் ஐஸ் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்ம கைய கயித்துல வச்சிட்டுக் கீழ இறங்கினேம்லா, அதுக்குப் பொறவுதான், என்றார். மூத்தவ அப்ப வயித்துல இருந்தா. என்ஜின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காதுன்னு நெனச்சு அழுதேன். அன்னைக்கி டீக்கடையில நீரு சொன்னதும், அட, இந்த மனுசன் கேட்டுட்டு இத்தன வருசம் பொத்தி வச்சிருந்து, கடைசில போயும் போயும் எம் மாப்பிள்ளை முன்னாலயா போட்டு உடைக்கணும்னு. அவர் பேசப் பேசச் சந்தியாகுவுக்கு உச்சந்தலை சூடேறியது. இதுக்கா? இந்த ஒரு கேள்விக்கா இரண்டு வருசம் மதிலைப் பார்த்தோம்? அட பாவி மனுசா, அன்றைக்கே சட்டையைப் பிடித்து ஏன்லே சொன்னே என்று கேட்டிருந்தால்! கஸ்பார் பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை. கார் வந்துவிட்டது. ஏழுக்கு இன்னும் கால் மணி. அவர் வீட்டுக்கு இப்படித் தெற்கே போனால்தான் கிட்டே, ஆகையால் கஸ்பார் வந்த வழியே திரும்பினார், இவரும் கூடச் சேர்ந்துகொண்டார், பக்கத்தில், பழையபடி.

பேச எவ்வளவோ இருந்தது. கோயம்புத்தூரில் எங்கே நடப்பார், அந்த இழுக்கிற காலுக்குக் குளிர் ஆகுமா, வீட்டுக்காரி இல்லாத வீட்டில் இந்த இரண்டு வருசம் என்ன செய்தார். அதில் ஒன்றும் பேசவில்லை. "நீருல்லாவே வந்து கேட்டிருக்கணும்." "சொன்னவன் நீரு, நான் எதுக்குக் கேக்கணும்?" "மனசுல பட்டவன்தான் கேக்கணும்." "பட வச்சவன்தான் வரணும்." மீன்பிடித் துறைமுகம் இதிலேயே போயிற்று. கோவில் முனையும் இதிலேயே போயிற்று. கார்க் கதவைச் சாத்தின பிறகும் கஸ்பார் கண்ணாடியை இறக்கி விரலை நீட்டினார், "நீருதான்வே வந்திருக்கணும்." வண்டி நகர்ந்தது. சந்தியாகு மோத்தா நடுரோட்டில் நின்று, மாப்பிள்ளையும் மகளும் திரும்பித் திரும்பிப் பார்க்க, கண்ணில் தண்ணீர் கொட்டுவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் "நீருதான், நீருதான்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.